தீக்கும் கறிக்கும் நடுவே

எங்கள் வீட்டுக் கொல்லைப்புறத்தில் ஐந்து அடுப்புகள் நிற்கின்றன. எல்லாமே கரியிலோ விறகிலோ எரிபவை. முதல்முறை வருகிறவர்கள் பின்கதவைத் திறந்ததுமே எண்ணத் தொடங்கிவிடுவார்கள். எண்ணி முடித்து என்னைத் திரும்பிப் பார்ப்பதற்குள் உள்ளேயிருந்து மனைவியின் குரல் வரும்: “ஆறாவதுக்கு இடம் பாத்துக்கிட்டிருக்காரு, கேளுங்க.”

நியாயமான கேலிதான். டெக்சாஸில், ஆஸ்டினுக்கு வடக்கே, வரிசையாக ஒரே சாயலில் கட்டிய வீடுகளில் ஒன்று எங்களுடையது. இருக்கிற கொஞ்சம் சிமெண்டுத் தரையில் பாதியை அடுப்புகள் பிடித்துக்கொண்டால் வீட்டிலிருப்பவர்கள் பேசத்தான் செய்வார்கள். ஆனால் ஐந்தில் ஒன்றைக்கூட நான் அழகுக்காக வாங்கவில்லை. ஒவ்வொன்றும் தீயைக் கறியிலிருந்து ஒவ்வொரு தூரத்தில் வைக்கிறது. ஒவ்வொன்றுக்குள்ளும் காற்று ஒவ்வொரு வேகத்தில் ஓடுகிறது. வெளியே தீ மூட்டிச் சமைப்பதன் சூட்சுமம் முழுக்க இந்த இரண்டுக்குள் அடங்கிவிடும் என்பது, இத்தனை வருடம் சாம்பல் அள்ளியதில் எனக்குப் பட்டது. மசாலா, ஊறல், சாஸ் எல்லாம் அதற்குப் பிறகு.

கோழித் தொடையின் தோல் மொறுமொறுவென்று வரவேண்டுமானால் தணல் கிட்டே இருக்க வேண்டும். முக்கால் மணியில் வேலை முடிய வேண்டும். மாட்டின் நெஞ்சுக்கறி, அதாவது இந்த ஊரின் பிரிஸ்கெட், நேர் எதிர். மாட்டுக்குக் காறை எலும்பு கிடையாது. உடம்பின் பாரத்தில் பெரும்பங்கை நெஞ்சுத் தசைதான் தாங்குகிறது. அதனால் அதற்குள் இணைப்புத்திசு அடர்ந்து கிடக்கும். அதிலுள்ள கொலாஜன் கரைந்து ஜெலட்டினாக மாறினால்தான் கறி இளகும். கறியின் உள்சூடு 70 டிகிரி செல்சியஸைத் தாண்டிய பிறகே அது ஒழுங்காக நடக்கும், அதுவும் மணிக்கணக்கில். அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினால் கொலாஜன் கரையுமுன் தசையின் நீர் வற்றிவிடும். கிட்டே இருக்கும் தீக்கு இந்தப் பொறுமை வராது. தள்ளி இருக்கும் தீக்கோ தோலை மொறுமொறுப்பாக்கும் வேகம் வராது.

முதலில் வந்தது வெபர் கெட்டில். கறுப்பு எனாமல் பூசிய இரும்பு உருண்டை, மூன்று கால், அடியில் ஒரு காற்றுவாய், மூடியில் ஒரு காற்றுவாய். 1952-இல் சிகாகோவில் ஜார்ஜ் ஸ்டீபன் என்பவர் உருவாக்கியது. அவர் வேலைபார்த்த வெபர் பிரதர்ஸ் உலோகப் பட்டறையில் நீரில் மிதக்கவிடும் இரும்பு மிதவைகள் செய்துகொண்டிருந்தார்கள். வீட்டில் செங்கல் அடுப்பில் திறந்தபடி சுட்டு, காற்றோடும் சாம்பலோடும் மல்லுக்கட்டி அலுத்த மனிதர், மிதவை உருண்டையை நடுவில் பிளந்து கீழ்ப்பாதியைக் கரிக்கும் மேல்பாதியை மூடிக்கும் வைத்துக்கொண்டார். எழுபது வருடத்துக்குப் பிறகும் அந்த வடிவத்தில் திருத்துவதற்கு எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

மூடியின் வேலை மழையைத் தடுப்பது மட்டும் இல்லை. கொழுப்பு தணலில் சொட்டியதும் குப்பென்று கொழுந்து எழுகிறதே, அதற்குத் தீனி காற்றிலுள்ள ஆக்சிஜன். மூடியைக் கவிழ்த்தால் தீனி குறையும், கொழுந்து தானே அடங்கும். தண்ணீர் தெளிக்கிறவர்களைப் பார்க்கும்போது எனக்குக் கை பரபரக்கும்; தெளித்த வேகத்தில் சாம்பல் எழும்பிக் கறியில்தான் உட்காரும். அடுப்பை ஆளுவது காற்றுவாய்கள். மேல்வாயைத் திறந்தே வைத்துவிட்டு, அடிவாயைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடியோ திறந்தோ சூட்டைப் பிடிக்க வேண்டும். மேல்வாயை அடைத்தால் புகை உள்ளேயே தேங்கிக் கசப்பேறும்.

கெட்டிலில் நான் கரியை முழுக்கப் பரப்புவதே இல்லை. ஒரு பக்கமாக ஒதுக்கி, கறியை எதிர்ப்பக்கம் வைத்து, மூடியின் காற்றுவாய் கறிக்கு நேர்மேலே வரும்படி திருப்பிவிடுவேன். அடியில் நுழைகிற காற்று தணலைக் கடந்து, சூட்டையும் புகையையும் சுமந்துகொண்டு, கறியின் மேல் தவழ்ந்துதான் வெளியேற வேண்டியிருக்கும். கோழித் தொடைகள் அந்தப் பக்கத்தில் வெந்து வந்தபின், கடைசி ஐந்து நிமிடம் தணலுக்கு நேர்மேலே தோல் கீழாக. ஒரே அடுப்பில் இரண்டு தூரம் கிடைத்துவிடுகிறது. கரிக்கட்டிகளை உள்விளிம்பை ஒட்டி இரண்டிரண்டாக வளைத்து அடுக்கி, ஒரு முனையில் மட்டும் பற்றவைத்தால் தீ மெல்ல ஊர்ந்துபோய் ஐந்தாறு மணிநேரம் தாங்கும். இதைப் பாம்பு அடுக்கு என்கிறார்கள். விலா எலும்புகளுக்கு அது போதும்.

இப்படி அடுக்கச் சீரான கட்டிகள் வேண்டும். சந்தையில் கிடைக்கும் தலையணை வடிவக் கரிக்கட்டிக்குப் பின்னால் ஒரு கார் கதை இருக்கிறது. ஹென்றி ஃபோர்டு தம் கார்களுக்கு மரப்பாகம் அறுத்ததில் மிஞ்சியதை வீணாக்க மனமில்லாமல், 1920களில் மிச்சிகன் மாநிலத்தில் அயர்ன் மவுண்டன் அருகே கரிக்கட்டி ஆலை வைத்தார். முதலில் ஃபோர்டு பெயரிலேயே விற்ற அந்தக் கரிதான் பிற்பாடு கிங்ஸ்ஃபோர்டு என்று பெயர் மாறியது. மாவுப்பசை சேர்த்துப் பிடித்த கட்டி என்று முகம் சுளிக்கும் ரசிகர்கள் உண்டு. அவர்களுக்கு முண்டும் முடிச்சுமான அசல் மரக்கரிதான் வேண்டும். மரக்கரி சீக்கிரம் பற்றும், சூடு அதிகம், சாம்பல் குறைவு என்பதெல்லாம் உண்மை. ஆனால் ஒரே பையில் ஒரு துண்டு விரல் அளவும் இன்னொன்று முழங்கை அளவும் இருக்கும். சூடும் அப்படியே ஏறி இறங்கும். வேகமாகச் சுடுவதற்கு மரக்கரி, நீண்டநேர வேலைக்குக் கட்டி என்பது என் வழக்கம். எதுவானாலும் தகரச் சிம்னியில் போட்டு அடியில் காகிதம் கொளுத்திப் பற்றவைப்பேன். மண்ணெண்ணெய் வாடையடிக்கும் அந்தத் திரவம் வீட்டுக்குள் வரக்கூடாது.

வெள்ளாட்டுக்கும் கெட்டில்தான். அமெரிக்காவில் ஆடு வளர்ப்பில் முதலிடம் டெக்சாஸுக்கு. மாநிலத்தின் நடுவே பிரேடி என்ற சிற்றூரில் 1974 முதல் ஆட்டுக்கறி சுடும் போட்டியே நடக்கிறது. ஆனால் நம் ஆட்கள் ஆட்டைக் குழம்பில்தான் நம்புகிறார்கள், அதில் நியாயமும் உண்டு. ஆட்டில் கொழுப்பு குறைவு. மாட்டைப் போல நாள் முழுக்கப் புகையில் விட்டால் சுள்ளியாகிவிடும். தோள் கறியை இரண்டு மணிநேரம் புகையூட்டி, பிறகு சின்ன வெங்காயமும் கொஞ்சம் தண்ணீரும் சேர்த்து மூடிய பாத்திரத்தில் அதே அடுப்பிலேயே வேகவிட்டால் புகையும் கிடைக்கும், ஈரமும் நிற்கும்.

இரண்டாவது அடுப்பு முழங்கை நீளமே இருக்கும் ஜப்பானியக் கொன்ரோ. டயட்டம் மண்ணில் செய்த பெட்டி, மூடி கிடையாது, மழையில் நனைந்தால் வீணாகிவிடும். கம்பித் தட்டுகூட வேண்டாம், குச்சிகளின் இரு முனைகளும் பெட்டியின் விளிம்பில் உட்காரும். கறிக்கும் தணலுக்கும் நடுவே இரண்டு விரற்கடை. இதற்கென்றே வாகாயாமா பகுதியில் உபாமே என்ற ஓக் மரத்தில் சுட்டெடுக்கும் பின்சோதான் கரி இருக்கிறது. தட்டினால் கணீரென்று உலோகச் சத்தம் வரும். பற்றவைக்க அரைமணி ஆகும், பற்றிவிட்டால் புகையே இல்லாமல் மணிக்கணக்கில் கனலும். மரத்தின் புகை இங்கே ருசியில்லை. கொழுப்பும் சாறும் தணலில் சொட்டி எழும் ஆவிதான் ருசி. கோழி ஈரல், இறால், கத்தரித்த கொழுப்போடு கோர்த்த ஆட்டுத்துண்டு, எல்லாம் சில நிமிடங்களில் முடிந்துவிடும். மூடி இல்லாததால் காற்றை ஆள ஒரே கருவி கைவிசிறி. மெரினாவில் சோளக்கதிர் சுடுகிறவர் ஒரு கையால் கதிரைத் திருப்பிக்கொண்டே இன்னொரு கையால் விசிறுவதைப் பார்த்தவர்களுக்கு இந்த அடுப்பைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

மூன்றாவது நெடிய தோட்டா வடிவத்தில் நிற்கும் ஸ்மோக்கர். வெபர் கம்பெனி 1981-இல் ஸ்மோக்கி மவுண்டன் என்று விற்கத் தொடங்கியது. அடியில் கரி, நடுவில் ஒரு தண்ணீர்ச் சட்டி, அதற்கு மேல் இரண்டு தட்டுகள். தீ கறிக்கு நேர்கீழேதான் இருக்கிறது, ஆனால் நடுவே தண்ணீர் நிற்பதால் கறி தீயைப் பார்ப்பதில்லை. தண்ணீர் கொதிநிலையைத் தாண்டிச் சூடாகாது. அடியில் தீ கொஞ்சம் கூடினாலும் அந்தக் கூடுதலைத் தண்ணீர் ஆவியாகி விழுங்கிவிடும். கரிக்கூடை முழுக்கப் பற்றாத கரியை நிரப்பி, மேலே பத்துப் பதினைந்து பற்றிய கட்டிகளை மட்டும் வைத்தால் தீ மேலிருந்து கீழாக இரவெல்லாம் இறங்கும். ஜிம் மினியன் என்ற போட்டிச் சமையல்காரர் 1990களின் இறுதியில் பரப்பிய உத்தி இது. இன்றும் அவர் பெயரில்தான் வழங்குகிறது. பன்றித் தோளைத் தூங்கப்போகுமுன் ஏற்றினால், விடிந்து பல் துலக்கி வரும்போது எலும்பு கையோடு வந்துவிடும். இதைவிட சோம்பேறிக்கு உகந்த அடுப்பு கரியில் கிடையாது. சலிப்பூட்டுவதும் இதுதான், செய்வதற்கு ஒன்றும் இருக்காது.

நான்காவதைப் பற்றித்தான் நான் நிறையப் பேசுவேன். பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஆஃப்செட் ஸ்மோக்கர் என்பது படுக்கவைத்த ஒரு பெரிய இரும்புக் குழாய். ஒரு முனையில் கொஞ்சம் தாழ்வாக ஒட்டவைத்த தீ அறை, மறுமுனையில் புகைபோக்கி. விறகு ஒரு பக்கம் எரிய, சூடும் புகையும் கறியின் மேலாக நெடுக ஓடி மறுபக்கம் வெளியேறும். டெக்சாஸில் எண்ணெய் வயல் குழாய்களுக்கும் வெல்டர்களுக்கும் பஞ்சமில்லை. இந்த வடிவம் இங்கே வேரூன்றியதற்கு அது போதுமான காரணம். ஆஸ்டினில் ஆரன் ஃபிராங்க்ளின் தம் கடைக்கு 1,000 காலன் புரோப்பேன் தொட்டிகளையே ஸ்மோக்கராக மாற்றி வைத்திருக்கிறார். என்னுடையது அதில் சிறு துண்டு. கால் அங்குலக் கனத்தில் உள்ளூர் வெல்டர் ஒருவர் செய்து கொடுத்தது. கடைகளில் மலிவாகக் கிடைக்கும் மெல்லிய தகட்டு ஆஃப்செட்டை வாங்காதீர்கள். கனமான இரும்பு சூட்டை உள்ளே பிடித்து வைக்கும். மெல்லிய தகடு ஒவ்வொரு காற்றுக்கும் ஏறி இறங்கும், இடுக்குகளில் புகை கசியும்.

வடிவம் குழாயிலிருந்து பிறந்தாலும் கருத்து பழையது. ஆஸ்டினுக்குத் தெற்கே லாக்ஹார்ட் என்ற ஊரில் ஸ்மிட்டீஸ் மார்க்கெட் என்ற கடை இருக்கிறது. உள்ளே நுழைந்தால் செங்கல் கட்டிய நீண்ட குழிகளின் முனையில், வெறும் தரையில், விறகு எரிந்துகொண்டிருக்கும். வரிசையில் நிற்கும்போது முழங்கால் சுடும். தீ வெளியே, கறி உள்ளே, நடுவே காற்றின் ஓட்டம். இந்தப் பக்கத்துக்குக் குடியேறிய ஜெர்மானிய, செக் இனத்துக் கசாப்புக்காரர்கள் விற்காமல் மிஞ்சிய கறியைப் புகையூட்டி விற்றதில் தொடங்கிய மரபு என்பார்கள். அவர்கள் கடைகளில் கறியைக் காகிதத்தில் வைத்துத் தருவதும் அந்தக் கசாப்புக்கடைப் பழக்கம்தான்.

ஆஃப்செட்டில் கரி எரிபொருள் இல்லை, விறகுதான். இங்கே அது போஸ்ட் ஓக் மரம். தீ சின்னதாக, ஆனால் சுடர்விட்டு எரிய வேண்டும். நாற்பது நாற்பத்தைந்து நிமிடத்துக்கு ஒரு கட்டை போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். தூங்க முடியாது, வெளியே போக முடியாது. கட்டையை முன்னதாகவே தீ அறையின் கூரைமேல் சூடேற வைத்திருந்தால் போட்டதும் பற்றிக்கொள்ளும். புகை மெல்லிய நீலத்தில், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் போக வேண்டும். வெள்ளையாகத் திரண்டு வந்தால் விறகு முழுதாக எரியவில்லை என்று அர்த்தம். அந்தப் புகை கறியில் கசப்பாகப் படியும். மரத்திலுள்ள லிக்னின் சிதையும்போது குவையகால், சிரிஞ்சால் முதலிய சேர்மங்கள் பிறக்கின்றன. நாம் புகை மணம் என்று விரும்புவது பெரும்பாலும் இவற்றைத்தான். காற்று தாராளமாகக் கிடைக்கும் சுத்தமான தீயில் அவை அளவோடு வரும். தீயை மூச்சுத்திணற வைத்தால் கூடவே கரிப்பிசினும் வரும்.

இதையெல்லாம் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன் என்று பெருமைப்பட வழியில்லை. ஊரிலிருந்து வந்திருந்த அம்மா, நாற்காலியில் உட்கார்ந்தபடி புகைபோக்கியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “கட்டை இன்னும் காயலையேடா, அந்தப் பக்கம் இருக்கிறதை எடுத்துப் போடு” என்றார். பாதி வாழ்நாள் விறகடுப்பில் சமைத்தவர். ஈரமானி வைத்துப் பார்த்தேன். அவர் சொன்னதே சரி.

பிரிஸ்கெட்டுக்கு இங்கே உப்பும் மிளகும் மட்டும்தான். பன்னிரண்டு பவுண்டுக்கு மேற்பட்ட துண்டை, மேல்கொழுப்பைக் கால் அங்குலத்துக்குச் சீவி, கொழுத்த முனை தீ அறைப் பக்கம் இருக்கும்படி வைப்பேன். அடுப்பின் சூடு 250 ஃபாரன்ஹீட்டை ஒட்டி, அதாவது செல்சியஸில் 121. முதல் சில மணிநேரம் உள்சூடு மளமளவென்று ஏறும். பிறகு 65-லிருந்து 75 செல்சியஸுக்குள் எங்காவது போய் நின்றுகொள்ளும். மணிக்கணக்கில் அசையாது. புதிதாகச் செய்கிறவர்கள் பயந்துபோய் விறகை அள்ளிப்போடுவது இந்த இடத்தில்தான். கொழுப்பு உருகுவதற்கும் கொலாஜன் கரைவதற்கும் சூடு செலவாகிறது என்று பலகாலம் சொல்லிவந்தார்கள். கிரெக் பிளாண்டர் என்ற இயற்பியலாளர் நனைத்த பஞ்சையும் வெறும் மாட்டுக்கொழுப்பையும் அருகருகே சூடேற்றிப் பார்த்தார். பஞ்சின் சூடு அதேபோல் நின்றது. கொழுப்பு நிற்காமல் ஏறிக்கொண்டே போனது. கறியிலிருந்து நீர் ஆவியாகும்போது ஏற்படும் குளிர்ச்சிதான் காரணம், நமக்கு வியர்த்தால் உடம்பு குளிர்வதைப்போல. காகிதத்தில் சுற்றினால் ஆவி அடங்கும், சூடு மறுபடி ஏறும். அலுமினியத் தாளில் சுற்றினால் இன்னும் வேகமாக ஏறும், ஆனால் மேலே படிந்த கருமையான மொறுமொறுப்பு ஊறிப்போகும். நான் காகிதம்தான்.

95 செல்சியஸை ஒட்டி முடியும் என்று கணக்கு. கணக்கை நம்புவதில்லை, ஊசி வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கினால் எடுத்துவிடுவேன். பிறகு குறைந்தது இரண்டு மணிநேரமாவது அதை யாரும் தொடக்கூடாது. நறுக்கும்போது விளிம்பை ஒட்டி ஓர் இளஞ்சிவப்பு வளையம் தெரியும். புதிய விருந்தாளிகளில் யாராவது ஒருவர் தயங்கித் தயங்கி, “அண்ணா, இது உள்ள வேகலியோ?” என்று கேட்பார். வெந்ததுதான். தீயில் பிறக்கும் நைட்ரிக் ஆக்சைடும் கார்பன் மோனாக்சைடும் தசையின் மயோகுளோபினோடு சேர்ந்து அந்த நிறத்தைப் பூட்டிவிடுகின்றன. அதற்குத் தனி ருசி கிடையாது. வளையம் ஆழமாக இருப்பதைத் தேர்ச்சியின் அடையாளமாகப் பேசுகிறவர்கள் உண்டு. நான் அதில் சேரமாட்டேன்.

கடைக்காரர்களே ஒரே அடுப்பை நம்புவதில்லை என்பதற்கு லெக்சிங்டன் என்ற சிற்றூருக்குப் போய்ப் பார்க்க வேண்டும். அங்குள்ள ஸ்னோஸ் பார்பிக்யூ 2003-இல் தொடங்கியது. சனிக்கிழமை காலை மட்டும் திறக்கும். டெக்சாஸ் மந்த்லி இதழ் 2008-இலும் 2017-இலும் மாநிலத்தின் முதல் கடையாக அதைத் தேர்ந்தது. 1935-இல் பிறந்த டூட்சி டோமனெட்ஸ் என்ற அம்மையார் 1966 முதல் இந்தத் தொழிலில் இருப்பவர். பிரிஸ்கெட்டுக்குத் தள்ளியிருக்கும் தீ. கோழிக்கும் பன்றித் தோள் துண்டுக்கும் தனிக் குழி. வேறிடத்தில் எரித்த விறகின் தணலை மண்வெட்டியால் அள்ளிவந்து அதன் அடியில் பரப்புவார். ஒரே கூரையின் கீழ் இரண்டு தூரம். என் மனைவிக்கு இந்தக் கடையைக் காட்டியதன் உள்நோக்கம் அவளுக்கும் தெரியும்.

ஐந்தாவது கமாடோ, முட்டை வடிவத்தில் கனத்த பீங்கான் அடுப்பு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பானிலிருந்து திரும்பிய அமெரிக்கப் படையினர் கொண்டுவந்த வடிவத்தை, 1974-இல் அட்லாண்டாவில் எட் ஃபிஷர் பச்சை நிறத்தில் விற்று ஊரறியச் செய்தார். சுவர் கனம் என்பதால் சூடு வெளியே போகாது. கையளவு கரியில் நாள் முழுக்க ஓடும். சின்னத் தீ, குறைந்த காற்று. கறியின் ஈரம் காயாது. ஆனால் அதே காரணத்தால் விறகுத்துண்டு சுடர்விடாமல் கனன்றுகொண்டே இருக்கும், ஆஃப்செட்டின் தெளிந்த புகை வராது. சூட்டைக் கீழிருந்து மெல்ல ஏற்ற வேண்டும். ஒருமுறை மிஞ்சிவிட்டால் பீங்கான் ஆறுவதற்குள் பசி அடங்கிவிடும். நன்றாகச் சூடேறிய கமாடோவின் மூடியைச் சட்டென்று திறக்காதீர்கள். காற்றுக்கு ஏங்கிக்கொண்டிருக்கும் தீ முகத்துக்கு நேரே பாயும். இரண்டு விரல் திறந்து, காற்றை உள்ளே விட்டு, அப்புறம் முழுதாகத் திறக்க வேண்டும்.

என் கமாடோவில் இறைச்சி ஏறியதே இல்லை. இதைச் சொன்னால் இங்கத்திய பார்பிக்யூ நண்பர்கள் தலையில் கைவைத்துக்கொள்வார்கள். காரணம் இதுதான். எங்கள் வீட்டுக்கு வரும் தமிழ்க் குடும்பங்களில் பாதிப்பேராவது ஏதாவதொன்றைத் தொடாதவர்கள். மாடு சாப்பிடாதவர்கள், பன்றி தொடாதவர்கள், கறியே கூடாதவர்கள். தட்டைத் தனியாக வைப்பது எளிது, புகையைத் தனியாக வைக்க முடியாது. பன்றிக் கொழுப்பு சொட்டிய கம்பியில் கோழியைச் சுட்டு இஸ்லாமிய நண்பரிடம் நீட்டிவிட்டு, “கழுவிட்டேன் பாய்” என்று சொல்வது மரியாதை இல்லை. ஆகவே பன்றி தோட்டா ஸ்மோக்கரை விட்டு வெளியே வராது. மாடு ஆஃப்செட்டில் மட்டும். கெட்டிலிலும் கொன்ரோவிலும் ஹலால் கடையில் வாங்கிய கோழி, ஆடு, பிறகு மீன், இறால். கமாடோ முழுச் சைவம்: தணலிலேயே புதைத்துச் சுட்ட கத்தரிக்காய், கல் பதித்து 600 ஃபாரன்ஹீட்டில் சுடும் நான் ரொட்டி, பன்னீர், சோளம், தோலோடு கருக்கி உரித்த குடைமிளகாய். கத்தரிக்காயைப் பிசைந்து, பச்சைமிளகாய், புளி, நல்லெண்ணெய் சேர்த்தால் பிரிஸ்கெட் தட்டிலிருந்துகூட கைகள் இந்தப் பக்கம் நீளும். சைவ விருந்தாளி தம் தட்டில் என்ன ஏறியது என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லாதபடி ஓர் அடுப்பு இருப்பது, என் கணக்கில், ஆஃப்செட்டைவிடப் பெரிய வசதி.

கேஸ் கிரில் என்னிடம் இல்லை. இருப்பவர்களைக் கேலி செய்யவும் மாட்டேன். வேலைவிட்டு வந்த புதன்கிழமை மாலையில் கரி மூட்ட யாருக்குத் தெம்பு இருக்கிறது? பெல்லெட் கிரில் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். 1980களின் நடுவில் ஓரிகன் மாநிலத்தில் மவுண்ட் ஏஞ்சல் ஊரைச் சேர்ந்த ஜோ டிரேகர் கொண்டுவந்தது. அழுத்திய மரத்தூள் குச்சிகளைத் திருகுதண்டு ஒன்று தீச்சட்டிக்குள் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ள, மின்விசிறி ஊத, சூட்டைக் கருவியே பார்த்துக்கொள்ளும். தீ அவ்வளவு சுத்தமாக எரிவதால் புகை மணம் மெலிந்துதான் வரும். கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்கு நல்ல அடுப்பு. எனக்குக் கட்டை போடும் வேலைதான் பிடித்திருக்கிறது. அந்த வேலையை ஒரு மோட்டாருக்குக் கொடுக்க மனமில்லை.

வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்கு என் யோசனை சுருக்கமானது. முதலில் 22 அங்குலக் கெட்டில் ஒன்று. பழையது போதும், எனாமல் உதிராமலும் மூடி கோணாமலும் இருந்தால் இருபது வருடம் உழைத்ததையும் தயங்காமல் வாங்கலாம். மிச்சப் பணத்தில் நல்ல வெப்பமானி வாங்குங்கள், ஏனென்றால் மூடியில் பதித்து வருவது கூரையின் சூட்டைச் சொல்லும், கறி இருக்கும் தட்டின் சூட்டைச் சொல்லாது. கெட்டிலில் கோழி, விலா, மீன், காய்கறி எல்லாவற்றையும் ஒரு வருடம் சுடுங்கள். அதில் எது உங்களுக்குத் திருப்தியாக வரவில்லையோ, அதற்கான அடுப்பை மட்டும் அடுத்ததாகப் பாருங்கள். ஒன்றுமே குறையாகத் தெரியவில்லை என்றால் அதோடு நிறுத்திக்கொள்ளலாம். பெரும்பாலானவர்களுக்கு அது ஒன்றே போதும். சாம்பலை மூடியுள்ள இரும்பு வாளியில் மட்டும் கொட்டுங்கள், அணைந்ததாகத் தோன்றும் தணல் மறுநாளும் உயிரோடிருக்கும். எவ்வளவு மழை கொட்டினாலும் எந்த அடுப்பையும் கராஜுக்குள் இழுத்துவந்து பற்றவைக்காதீர்கள். கரி எரிவதில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது.